ஹார்லத்தில் சடை பின்னும் சகோதரிகள்

நியூயார்க் மாநகரின் மன்ஹாட்டன் தீவில் வடபுறமாக அமைந்த வட்டாரம் ஹார்லம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் கலைக்கும் அரசியலுக்கும் வணிகத்திற்கும் ஒரு நூற்றாண்டாகத் தாயகமாய் விளங்கி வருவது. அங்குள்ள 125-ஆம் தெருவில், சுரங்க ரயில் நிலையத்தின் படிகளில் ஏறி வெளியே வரும் பெண்களை நடைபாதையில் காத்து நிற்கும் ஆப்பிரிக்கப் பெண்மணிகள் எதிர்கொள்வார்கள். "சகோதரி, சடை பின்ன வேண்டுமா? கடை பக்கத்தில்தான், குறைத்துத் தருகிறேன்" என்ற அழைப்பு இருபுறமிருந்தும் எழும். அவர்களின் கையில் பின்னல் வகைகளின் படங்கள் இருக்கும். வேண்டாம் எனத் தலையசைத்து நடப்பவரையும் பத்தடி தூரம் பின்தொடர்ந்து வருவார்கள். அவ்வூரார் பல்லாண்டுகளாகக் கண்டு பழகிய காட்சி இது. சிலருக்கு இது உபசரிப்பு, சிலருக்குத் தொல்லை.

சடை பின்னுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என வாசக சகோதரிகள் வியப்படையலாம். பள்ளிக்கூடம் புறப்படும் மகளைத் திண்ணையில் உட்கார வைத்து, எண்ணெய் தடவி, இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிட நம் வீட்டு உம்மாவுக்குப் பத்து நிமிடம் போதும். ஹார்லத்துக் கடைகளிலோ ஒரு தலையைப் பின்னி முடிக்க 4 முதல் 8 மணி நேரம் ஆகும். மிக நுண்ணிய வகைகளுக்கு அதற்கு மேலும் ஆகும். அத்தனை நேரமும் ஒருத்தி தன் தலையை, முன்பின் அறியாத மற்றொருத்தியின் கையில் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருக்கிறாள். அந்நாற்காலியைச் சுற்றி எழும் மனக்கசப்புகளும் நட்புகளும், கடை வைத்திருப்போரும் கடைக்குச் செல்வோரும் ஒருங்கே அறியத் தக்கவை.

யார் இந்தப் பெண்கள்?

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல், மாலி, கினி, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களே இவர்களில் பெரும்பாலோர். 1980-களில் செனகல் நாட்டு ஆண்கள் நியூயார்க் வந்து, நடைபாதையில் குடையும் கைக்கடிகாரமும் விற்றுப் பிழைக்கத் தொடங்கினர். பின்னர் வந்த பெண்கள், தாயிடமும் அத்தையிடமும் சிறு வயதிலேயே பழகிய கைத்தொழிலையே முதலாகக் கொண்டனர். ஆங்கிலம் தெரியாவிட்டாலும், சான்றிதழ் இல்லாவிட்டாலும், ஒரு சீப்பும் ஒரு நாற்காலியும் கிடைத்தால் அன்றைக்கே கூலி கிடைக்கும் தொழில் அது.

ஹார்லத்தின் 116-ஆம் தெருவைச் 'சின்ன செனகல்' என்றே அழைக்கின்றனர். மால்கம் ஷபாஸ் பள்ளிவாசல் அத்தெருவில்தான் உள்ளது. 1994-இல் 125-ஆம் தெருவிலிருந்து அகற்றப்பட்ட நடைபாதை வியாபாரிகளுக்கு இடமளித்த சந்தையும் அங்கேதான் உருவாயிற்று. ஜூலை 28-ஆம் நாளில், முரீதிய்யா தரீக்காவின் நிறுவனரான ஷைகு அஹ்மது பம்பாவின் நினைவாக ஹார்லத்தில் ஊர்வலம் நடப்பது வழக்கம். சடை பின்னும் பெண்களில் முஸ்லிம்கள் மிகுதி. தொழுகை நேரம் வந்ததும் சீப்பைக் கீழே வைத்துவிட்டுக் கடையின் மூலையில் முஸல்லா விரிப்போரும் உண்டு. வாடிக்கைப் பெண் பாதிப் பின்னிய தலையோடு காத்திருப்பார். அதில் கோபம் கொள்வோர் குறைவு. அழைப்பு வந்ததென்று கைபேசியோடு வெளியே போய் அரைமணி நேரம் கழித்துத் திரும்புவதில்தான் கோபம் பிறக்கிறது.

பின்னும் முறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். அலசி உலர்த்திய கூந்தலை வால் சீப்பின் நுனியால் சிறு சிறு சதுரங்களாக வகிர்ந்து, ஒவ்வொரு சதுரத்திற்கும் ஒரு சடையாகப் பின்னுவது 'பாக்ஸ் பிரெய்டு'. தலையோடு ஒட்டி வரி வரியாகப் பின்னுவது 'கார்ன்ரோ'. சோளக்கொல்லையின் வரிசை போலிருப்பதால் அப்பெயர். நீளத்திற்கும் திண்மைக்கும் செயற்கை முடியைச் சேர்ப்பர். ஜப்பானின் கனேகா நிறுவனம் தயாரிக்கும் 'கனெகலான்' இழை இதில் பெயர் பெற்றது. விலை கூடிய மனித முடியும் கடைகளில் உண்டு. உலகச் சந்தைக்குச் செல்லும் அம்முடியில் ஒரு பகுதி, நம் திருப்பதியிலும் பழனியிலும் மழிக்கப்பட்டதேயாகும். மனித முடியை ஒட்டுவதை ஹதீஸ்கள் கண்டித்திருப்பதும், நூல், கம்பளி போன்றவற்றைச் சேர்ப்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதும் வாசகர்கள் அறிந்தவையே. அதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று.

கூலியும் நீளமும்

இக்கடைகளைப் பற்றிய முறையீடுகளில் முதலிடம் பெறுவது விலை. வீதியில் சொன்ன தொகை ஒன்று. எழுந்து பணம் கொடுக்கும்போது கேட்கும் தொகை வேறு. "இடுப்பு வரை என்றால் கூடுதல்", "நீங்கள் மெல்லிய சடை கேட்டீர்கள்", "முடிக்குத் தனிக் காசு" என்று ஒவ்வொன்றாக ஏறும். வாடிக்கைப் பெண்ணும் சளைத்தவர் அல்லர். தோள் வரை என்று பேசி அமர்ந்து, பாதியில் இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும் என்பார். ஆறு மணி நேரம் நின்று பின்னிய பிறகு, பேசியதில் இருபது டாலரைக் குறைத்துக் கொடுப்போரும் உண்டு.

மதரஸாவில் இஜாரா, அதாவது கூலிக்கு அமர்த்தும் பாடத்தை நடத்தும்போது, செய்ய வேண்டிய வேலையும் கொடுக்க வேண்டிய கூலியும் முன்கூட்டியே தெளிவாயிருக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பதற்கான நிபந்தனையாகவே அவர்கள் அதை மனனம் செய்கிறார்கள். இந்தச் சடைக் கடைகளைப் பற்றி அறிய அறிய, அது மனிதர் ஒருவரையொருவர் வெறுக்காமலிருப்பதற்கான நிபந்தனையுமாகும் என்று எனக்குப் படுகிறது. நீளம் எதுவரை, பருமன் எவ்வளவு, முடி யாருடையது, பின்னப் போவது ஒருவரா இருவரா என்ற நான்கு கேள்விகள் முதல் வகிடு எடுக்குமுன் கேட்கப்பட்டிருந்தால், அக்கடைகளில் நடக்கும் சச்சரவுகளில் பாதி எழாது.

மற்றொரு குறை, பாதியில் விட்டுப் போவது. ஒரு தலையைத் தொடங்கிவிட்டு, வாசலில் நிற்கும் அடுத்தவரை நழுவ விடாமல் அவரையும் உள்ளே அழைத்து அமர்த்திவிடுவார்கள். முதலாமவர் பொறுமையிழந்து கடிகாரத்தைப் பார்ப்பார். இதற்குக் காரணம் பேராசை என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் இக்கடைகள் பலவற்றில் மாதச் சம்பளம் கிடையாது. தலைக்கு இவ்வளவு என்று வரும் பணத்தில் கடை உரிமையாளருக்கு ஒரு பங்கு போக மிஞ்சியதே பின்னியவரின் கூலி. வாடிக்கை வராத நாளில் காலை முதல் இரவு வரை நின்றும் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவரை நம்பி ஒரு குடும்பமே காத்திருக்கும். காரணம் அறிந்ததால் காத்திருப்பவரின் கால்வலி குறைந்துவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புரியாத மொழி

பின்னுபவர்கள் தமக்குள் வொலோஃபிலும் பம்பாராவிலும் பிரெஞ்சிலும் பேசிக்கொள்கிறார்கள். இடையில் ஒரு சிரிப்பு எழுகிறது. நாற்காலியில் இருப்பவருக்கு, "என் முடியைப் பற்றித்தான் பேசுகிறார்களோ" என்ற ஐயம். ஊரிலுள்ள பிள்ளையின் படிப்பைப் பற்றியோ, வீட்டு வாடகையைப் பற்றியோ அவர்கள் பேசியிருக்கக் கூடும். முடியைப் பற்றியே பேசியிருக்கவும் கூடும். மூவர் கூடிய இடத்தில் ஒருவரை விட்டு இருவர் மட்டும் இரகசியம் பேசுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதன் நுட்பம், இப்படிப்பட்ட இடங்களில்தான் விளங்குகிறது.

நேர்மாறான அனுபவங்களும் உண்டு. நைஜீரிய எழுத்தாளர் சிமமந்தா அடிச்சி 2013-இல் வெளியிட்ட 'அமெரிக்கானா' நாவலின் நாயகி, பிரின்ஸ்டனிலிருந்து ரயிலேறி ட்ரென்டன் நகரத்துக்குச் சென்று ஒரு கடையில் அமர்கிறாள். பின்னிவிடும் செனகல் நாட்டுப் பெண், தன் திருமணத்தைப் பற்றிய கவலையையெல்லாம் அவளிடம் கொட்டித் தீர்க்கிறாள். ஜோஸ்லின் பயோ எழுதி 2023-இல் பிராட்வேயில் அரங்கேறிய நாடகம் ஒன்றோ, முழுவதும் ஹார்லத்துச் சடைக் கடை ஒன்றிலேயே ஒரு கோடை நாளில் நிகழ்கிறது.

சொல்லப்படாத வலி

எல்லாவற்றிலும் முக்கியமானது வலி. இறுக்கிப் பின்னினால் நெடுநாள் தாங்கும் என்ற எண்ணம் பின்னுபவருக்கும் உண்டு, பின்னிக்கொள்பவருக்கும் உண்டு. ஆறு வாரம், எட்டு வாரம் சடை கலையாமலிருந்தால் கொடுத்த பணத்திற்கு மதிப்பு. ஆகவே நெற்றிப்பொட்டில் தோல் இழுபடும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். அன்றிரவு தலையணையில் தலைவைக்க முடிவதில்லை. மயிர்க்கால்களில் சிறு கொப்புளங்கள் தோன்றுவதும் உண்டு. மீண்டும் மீண்டும் இப்படி இழுபட்டால், நெற்றி ஓரத்திலும் காதருகிலும் முடி உதிரத் தொடங்கும். ஆரம்பத்திலேயே இறுக்கத்தைத் தவிர்த்தால் மீண்டும் வளரும். நாட்பட்டால் மயிர்க்கால்கள் அழிந்து வழுக்கை நிலைத்துவிடும் என மருத்துவர்கள் எச்சரிக்கின்றனர். சிறுமியரை அழைத்து வரும் தாய்மார்கள் இதை அறிந்திருப்பது அவசியம். குழந்தை அழுதால் 'அழகாக வேண்டுமென்றால் பொறுத்துக்கொள்' என்பது எல்லா ஊரிலும் ஒரே பேச்சுத்தான் போலும்.

அண்மைக் காலத்தில் பரவியுள்ள முடிச்சில்லாப் பின்னல் இதற்கு ஓரளவு தீர்வு. சொந்த முடியில் பின்னத் தொடங்கி, செயற்கை முடியைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பதால் வேரில் இழுவை குறைகிறது. நேரமும் கூலியும் சற்றுக் கூடும். நல்ல கைக்காரிகள் வாடிக்கைப் பெண்ணின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பின்னுவார்கள். புருவம் சுருங்கினால் பிடியைத் தளர்த்துவார்கள். "வலிக்கிறதா" என்று அவர்களே கேட்டுவிடுவார்கள். ஒருமுறை அப்படிக் கேட்ட கையைத் தேடிப் பல மைல் தூரம் வருவோர் உண்டு.

சட்டம் பார்த்ததும் பாராததும்

இதில் அரசாங்கங்கள் என்ன செய்தன? பல மாநிலங்கள், கூந்தல் அலங்காரத்திற்கான முழு உரிமத்தைச் சடை பின்னுவோரும் பெற வேண்டும் என்றன. யூட்டா மாநிலத்தில் அதற்கு 2,000 மணி நேரப் பயிற்சி தேவைப்பட்டது. அப்பயிற்சியில் முடி வெட்டுதல், சாயமிடுதல், இரசாயனம் பூசுதல் ஆகியவை இருந்தன. ஆப்பிரிக்கச் சடை பின்னுதலுக்கு உரிய இடமில்லை. சியரா லியோன் நாட்டு உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி வந்த ஜெஸ்டினா கிளேட்டன் என்ற பெண் வழக்குத் தொடுத்தார். 2012-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்விதியை அவர் விஷயத்தில் செல்லாததாக்கியது. மிசூரி மாநிலத்தில் செனகல் நாட்டவரான என்டியோபா நியாங் தொடுத்த வழக்கில் 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆனால் அதே ஆண்டு மாநிலச் சட்டமன்றமே விதியை மாற்றிவிட்டது. மிசிசிப்பி 2005-இலேயே சிறு கட்டணத்துடன் பதிவு செய்தால் போதும் என்றாக்கியிருந்தது. நியூயார்க்கோ இயற்கைக் கூந்தல் அலங்காரத்திற்கென்று 300 மணி நேரத் தனிப் பயிற்சியை விதித்தது.

ஆயிரக்கணக்கான மணி நேரத்தைக் கணக்கிட்ட சட்டங்கள், நாற்காலியில் இருப்பவரின் நெற்றிப்பொட்டைப் பார்க்கவில்லை என்பதே என் எண்ணம். சுத்தம், இறுக்கத்தின் தீமை, நோயுள்ள உச்சந்தலையை அடையாளங் காணல் ஆகியவற்றைச் சில நாட்களில் கற்பித்துவிடலாம். மறுபுறம், சடையோடு வேலைக்குப் போகும் உரிமைக்கே வாடிக்கைப் பெண்கள் போராட வேண்டியிருந்தது. விமான நிறுவனமொன்றில் பணியாற்றிய ரெனீ ராஜர்ஸ் என்பவருக்கு 1981-இல் நீதிமன்றம் அவ்வுரிமையை மறுத்தது. 2019-இல் கலிபோர்னியா மாநிலம்தான் முதன்முதலாகத் தனிச் சட்டத்தால் அதைப் பாதுகாத்தது.

இப்போது இளைய தலைமுறையினர் வீட்டிலிருந்தே கைபேசி வழியாக நேரம் குறித்துக்கொடுத்துப் பின்னுகிறார்கள். முன்பணம் வாங்குகிறார்கள், தலையை அலசி உலர்த்திக்கொண்டு வரவேண்டும், துணைக்கு ஆள் கூடாது, பதினைந்து நிமிடம் தாமதித்தால் அபராதம் என நீண்ட பட்டியல் போடுகிறார்கள். விலை தெளிவு, வேலை தெளிவு. ஆயினும் இவ்விதிகளைக் கண்டு சலித்துப்போய், "125-ஆம் தெருவில் முன்பணமும் இல்லை, அபராதமும் இல்லை, குழந்தையையும் கூட அழைத்துப் போகலாம்" என்று பழைய கடைகளுக்கே திரும்புவோரும் இருக்கிறார்கள்.

அக்கடைகளில் மாலையாகும்போது வெந்நீர்ப் பாத்திரம் வருகிறது. சடைகளின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து, முதுகில் சொட்டாதபடி துண்டு விரித்து, நீரில் அமிழ்த்தி எடுக்கிறார்கள். செயற்கை இழை இளகி முறுக்குப் பிரியாமல் படிகிறது. பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிறார்கள். வாடிக்கைப் பெண் கழுத்தை இருபுறமும் மெதுவாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, பேசிய கூலியோடு சிறிது மேலும் சேர்த்துக் கையில் வைக்கிறார். பின்னியவர் விரல்களை நீவிக்கொண்டே, தரையில் சிதறிய முடியைக் கூட்டி ஒதுக்கிவிட்டு வாசலுக்குப் போகிறார்.