கூடிச் செல்லும் கடற்பயணம்

கப்பலேறிப் போவது என்றால், என் பாட்டனார் காலத்தில் அது பிழைப்புத் தேடிப் போவதையே குறித்தது. 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' என்ற கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1970-களின் தொடக்கம் வரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சென்றவர்களில் பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு போன தொழிலாளர்களும் சிறு வணிகர்களுமே. அவர்களை வழியனுப்பிவிட்டு வீடு திரும்பியவர்களின் கண்களில் நீர் நிறைந்திருக்கும்.

இன்று காலம் மாறிவிட்டது. விடுமுறையைக் கழிப்பதற்கென்றே கடலில் சுற்றி வரும் உல்லாசக் கப்பல்கள் நம் துறைமுகத்திற்கும் வருகின்றன. 2022 ஜூன் மாதத்தில் 'எம்ப்ரஸ்' என்னும் கப்பலின் பயணத்தைச் சென்னையில் தமிழக முதலமைச்சர் தொடங்கி வைத்தார். மறு ஆண்டில் அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் சென்று வந்தது. அந்த ஆண்டில்தான், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலுமாகப் பரவியிருக்கும் எங்கள் உறவினர் 27 பேர் ஒன்றாகக் கடற்பயணம் சென்று வந்தோம். அதற்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதில் நான் கற்றதையும், கற்பதற்கு முன் செய்த பிழையையும் மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு தொழிற்சாலையில், உற்பத்தியைத் திட்டமிடும் பிரிவில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அங்கே முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுக்கப்படும் பாடம் ஒன்று உண்டு. பத்து இயந்திரங்கள் வரிசையாக வேலை செய்தால், அவற்றில் மிக மெதுவாக ஓடும் இயந்திரத்தின் வேகமே முழு வரிசையின் வேகமாகும். மற்ற ஒன்பதையும் எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் இடையில் பொருள்கள் குவியுமேயன்றி, கடைசியில் வெளிவரும் எண்ணிக்கை கூடாது. ஆகவே திட்டமிடுகிறவன் முதலில் கவனிக்க வேண்டியது அந்த ஓர் இயந்திரத்தைத்தான். இந்தப் பாடத்தைத் தொழிற்சாலையில் கையாண்ட நான், வீட்டில் அதை மறந்தேன்.

பயணத்திற்கு ஆறு மாதங்கள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அனைவரும் கூடினோம். உல்லாசக் கப்பல்களில் கட்டணம் பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர் என்ற அடிப்படையில் கணக்கிடப்படும். தனியாக ஓர் அறையை எடுத்துக்கொள்பவர் ஏறக்குறைய இருவருக்குரிய தொகையைக் கொடுக்க நேரும். நான் கணவன் மனைவியராகப் பெயர்களை எழுதி, எதிரே தொகையைக் குறித்து, எல்லாரும் கேட்க உரக்கப் படித்தேன். பூவிருந்தவல்லியில் இருக்கும் என் அண்ணியார் கணவரை இழந்தவர். அவர் பெயருக்கு எதிரே 'தனி அறை' என்றும், மற்றவர்களைப் போல் இரு மடங்குத் தொகையும் இருந்தன. அவர் ஒரு கணம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது தம்பி. நீங்கள் எல்லாரும் நல்லபடியாகப் போய் வாருங்கள்" என்றார். நானும் அதை நம்பி, பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன்.

இரண்டு வாரங்களுக்குப் பின், கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் என்னிடம் வந்தாள். "மாமா, பூவிருந்தவல்லி அத்தை கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர் அல்லர். அவர் பிறந்ததே இலங்கையில்தான், தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியும், ஆனால் நினைவில்லை. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த மலைநாட்டுத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அவ்வாறு வந்த குடும்பங்களுள் அண்ணியாரின் குடும்பமும் ஒன்று. 1972-இல், 17 வயதில், தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பலில் வந்து இறங்கியவர் அவர். இப்பயணத்தில் போய்வர வேண்டும் என்று எங்கள் அனைவரைக் காட்டிலும் விரும்பியவர் அவர்தாம். என் பட்டியல் அவரை வெளியே தள்ளியிருந்தது.

அன்றே திட்டத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இம்முறை தொழிற்சாலைப் பாடத்தின்படி, கூட்டத்தில் யாருக்கு வருவது கடினமோ அவரிடமிருந்து கணக்கை ஆரம்பித்தேன்.

முதலில் பணம். பெரிய குழுவில் எல்லாருடைய வசதியும் ஒன்றாயிராது. ஆகவே தொகையைச் சபையில் படிக்கலாகாது. ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியே பேச வேண்டும். சில கப்பல்களில் மூவரும் நால்வரும் தங்கக்கூடிய அறைகள் உண்டு. அங்கே மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். என் தங்கை மகளும் அவள் தோழியைப் போன்ற இன்னொரு பெண்ணும் அண்ணியாருடன் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தார்கள். தனி அறைப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. மாதந்தோறும் அவரவரால் இயன்றதைச் சேர்க்க ஏற்பாடு செய்தோம். கணக்கு எழுதும் பொறுப்பைத் திட்டமிடும் என்னிடம் விடாமல் வேறொருவரிடம் ஒப்படைத்தோம். கட்டணத்தோடு துறைமுக வரி, பணியாளர்க்குரிய அன்பளிப்பு, கரையில் ஊர் சுற்றும் செலவு ஆகியவை சேர்ந்துள்ளனவா, தனியா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குழுவில் மனக்கசப்பு பெரும்பாலும் இந்தச் சில்லறைச் செலவுகளிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாவது, தாள்கள். இந்தியத் துறைமுகங்களுக்கு இடையே மட்டும் செல்வதானால் அடையாள அட்டை போதும். வேற்று நாட்டுத் துறைமுகத்தைத் தொடுவதானால் பாஸ்போர்ட் வேண்டும். பயணம் முடிந்த பின்னும் அது ஆறு மாதங்களுக்குச் செல்லத்தக்கதாக இருப்பது நல்லது. இதில் தமிழர்களாகிய நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் எழுதுவோம். பாஸ்போர்ட்டிலோ அது முழுப் பெயராக விரிந்து, முன்னோ பின்னோ நிற்கும். பயணச்சீட்டில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். 27 பேரின் பெயர்களையும் காதால் கேட்டு எழுதாமல், பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதியவர்கள் எங்கள் வீட்டு மாணவர்களே. ஒருவர் எழுத, மற்றொருவர் சரிபார்த்தார். இரண்டு பிழைகள் அப்படித்தான் அகப்பட்டன. அண்ணியாரின் பாஸ்போர்ட்டுக்கு அவர் தகரப் பெட்டியில் காத்து வைத்திருந்த பழைய தாள்கள் எல்லாம் தேவைப்பட்டன. நாங்கள் ஆறு மாதங்களுக்கு முன் தொடங்கியிராவிட்டால் அது உரிய காலத்தில் கைக்கு வந்திராது.

மூன்றாவது, காலம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் மாதத்தில் தொடங்கியதும் அரபிக்கடல் கொந்தளிக்கிறது. அப்போது மேற்குக் கரையில் ஓடும் உல்லாசக் கப்பலுக்குக் கிழக்குக் கரை ஏற்றதாகிறது. சென்னைக்கு அது வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வங்கக் கடலில் புயல்கள் தோன்றும் காலம். ஆகவே தேதியைத் தேர்ந்தெடுக்கும்போது பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்தல் போதாது. காற்றின் பருவத்தையும் பார்க்க வேண்டும்.

நான்காவது, அறை இருக்கும் இடம். விளையாட்டுத் திடலில் சிறுவர்கள் ஏறி ஆடும் சீசாப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அதன் இரு நுனிகளும் மிக உயர்ந்து மிகத் தாழ்கின்றன; நடுப்பகுதி ஏறக்குறைய அசைவதில்லை. அலையில் கப்பலும் அவ்வாறே ஆடுகிறது. எனவே கப்பலின் நீளத்தில் நடுவிலும், உயரத்தில் கீழ்த் தளங்களிலும் உள்ள அறைகளில் ஆட்டம் குறைவு. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அவற்றையே கேட்டுப் பெற வேண்டும். கடல் மயக்கம் ஏற்படுவதற்குக் காரணம், நம் உள்காது 'அசைகிறோம்' என்று மூளைக்குச் சொல்ல, அறைச் சுவரைப் பார்க்கும் கண் 'அசையவில்லை' என்று சொல்வதுதான். தளத்திற்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போய், மயக்கம் தணியும். மருந்து தேவைப்படுவோர் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். தலை சுற்றிய பிறகு பயன் குறைவு.

ஐந்தாவது, ஒன்றுகூடுதல். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் மின்சார ரயில் உண்டு. கடற்கரை நிலையத்தில் இறங்கினால் துறைமுகம் அருகிலேயே இருக்கிறது. பூவிருந்தவல்லியாருக்கு அப்போது நெடுஞ்சாலையே வழியாக இருந்தது. அங்கு நெரிசலை எவரும் கணக்கிட்டுச் சொல்ல இயலாது. ரயில் ஓர் ஊர்க்காரரைக் காக்க வைக்கும். சாலை மற்றோர் ஊர்க்காரரைக் காக்க வைக்கும். கப்பலோ எவருக்காகவும் காத்திராது. எனவே கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்க்காமல், ஏறுவதற்கான கதவு மூடும் நேரத்தைப் பார்த்து, அதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகத் துறைமுக வாயிலில் கூடுவதென்று வகுத்தோம். 27 பேரை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை தவறும். ஆகவே சாரணர் இயக்கத்தில் அணி பிரிப்பது போல ஐந்தைந்து, ஆறாறு பேராகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவரை நியமித்தோம். தலைவர்களுள் மூவர் மாணவர்கள். கரையை விட்டு விலகியதும் கைப்பேசித் தொடர்பு அற்றுப்போகும். அல்லது மிகுந்த செலவு வைக்கும். ஆதலால் நாள்தோறும் மாலை 5 மணிக்கு இன்ன தளத்தில் இன்ன இடத்தில் சந்திப்பது என்று முன்பே முடிவு செய்துகொண்டோம்.

ஆறாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பாதுகாப்புப் பயிற்சி. கப்பலில் ஏறியவுடன் பயணிகளை அழைத்து, ஆபத்துக் காலத்தில் எங்கே கூடுவது, மிதவைச் சட்டையை எவ்வாறு அணிவது என்று காட்டுவார்கள். ஏழு குறுகிய ஒலிகளும் அவற்றைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் கூடுமிடத்திற்கு விரைய வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் அறிகுறி. இதைச் சலிப்பாகக் கருதுவோர் உண்டு. 2012 ஜனவரி 13 அன்று 'கோஸ்டா கன்கார்டியா' என்ற பெருங்கப்பல் இத்தாலியக் கடற்கரை அருகே பாறையில் மோதிச் சாய்ந்தது; 32 பேர் இறந்தனர். அன்று மாலையில் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு அப்பயிற்சி அதுவரை நடந்திருக்கவில்லை. அதன் பின்னரே, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தியாக வேண்டும் என்னும் விதி 2015 முதல் உலகெங்கும் நடைமுறைக்கு வந்தது. எங்கள் அணித் தலைவர்கள் ஒருவரையும் தவறவிடாமல் பயிற்சிக்கு அழைத்து வந்தார்கள்.

கப்பலில் 27 பேரும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. இரவு உணவு ஒன்று மட்டும் அனைவருக்கும் பொது; மற்ற நேரம் அவரவர் விருப்பம். கூட்டமாகச் செல்பவர்கள் சண்டையிட்டுக்கொள்வது பிரிந்திருக்க இடமில்லாதபோதுதான். கரையில் இறங்கும் நாளில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். கடிகாரத்தைக் கப்பலின் நேரத்தோடு ஒத்து வைக்க வேண்டும்; குறித்த நேரத்திற்கு ஒரு மணி முன்னதாகத் திரும்ப வேண்டும்.

இனி என் சொந்தக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். நடுவறைகளை எல்லாம் முதியோருக்குக் கொடுத்துவிட்டு, காட்சி நன்றாயிருக்கும் என்று கப்பலின் முன்முனையில், உயர்ந்த தளத்தில் ஓர் அறையை எனக்கு எடுத்துக்கொண்டேன். சீசாப் பலகையின் நுனியில் உட்கார்ந்ததன் பலனை முதல் இரவிலேயே அனுபவித்தேன். எழுந்திருக்க முடியாமல் கிடந்த என்னைப் பார்க்க, கையில் சுக்குத் தூளுடன் வந்தவர் அண்ணியார். "கடல் உங்களுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்.

திருகோணமலையை நெருங்கிய காலையில் என்னைத் தளத்திற்கு அழைத்துச் சென்றவரும் அவரே. கோணேசர் கோயில் நிற்கும் குன்று கண்ணுக்குத் தெரிந்தது. அண்ணியார் பிறந்த மலைநாடு அங்கிருந்து வெகு தொலைவு. எனினும் அவர் கம்பியைப் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். "அன்றைக்குத் தலைமன்னாரில், திரும்பிப் பார்க்காதே என்று அம்மா சொன்னாள். நான் பார்க்கவே இல்லை" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மாணவ நண்பர்களே! படிவங்களை நிரப்பவும், கட்டணத்தை ஒப்பிடவும் இன்று வீடுகளில் உங்களைத்தான் அழைக்கிறார்கள். உங்கள் குடும்பமோ, உங்கள் கல்லூரி வகுப்போ கூட்டமாக எங்கேனும் புறப்படும்போது, "நான் வரவில்லை" என்று ஒருவர் சொல்லக்கூடும். அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டவுடன் பெயரை அடித்துவிடாதீர்கள். தனியே சென்று ஒரு முறை விசாரியுங்கள். திட்டத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.