ஆபீஸ் கம்ப்யூட்டர்: பணத்தை எந்தப் பாகத்தில் போடுவது?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால், அது பழைய கம்ப்யூட்டர்களில் முறைப்படி ஏறாது. இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாவது தலைமுறைக்குக் குறையக் கூடாது, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும். நம் மும்பைத் தமிழன்பர்களில் சிறிய ஆபீஸ் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். கணக்கு எழுதுகிறவர்கள், டிக்கெட் புக்கிங் செய்கிறவர்கள், துறைமுகத்தில் கிளியரிங் வேலை பார்ப்பவர்கள், ஜெராக்ஸ் கடைக்காரர்கள் என்று பலருடைய மேஜையிலும் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கம்ப்யூட்டர்தான் இருக்கிறது. சங்க விழாவுக்குப் போனால், காபி கைக்கு வருவதற்கு முன் கேள்வி வந்துவிடுகிறது: "சார், கம்பெனி கம்ப்யூட்டரே வாங்கிடலாமா, இல்லே லாமிங்டன் ரோடுலே அசெம்பிள் பண்ணிக்கலாமா?"

அசெம்பிள் செய்துகொள்ளுங்கள் என்பதுதான் என் பதில். விலை குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. சில சமயம் கம்பெனிப் பெட்டியே மலிவாகக் கிடைக்கும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகள் இருபத்தைந்து வருஷம் ஓடியதற்குக் காரணம் இரும்பு மட்டும் அல்ல. எல்லாம் ஒரே வரைபடத்தில் செய்தவை. ஒரு பெட்டியின் ஸ்பிரிங் போனால் ஸ்டோரில் இருப்பதை எடுத்து மாட்டலாம். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு பொது அளவு உண்டு. ஏ.டி.எக்ஸ். என்று 1995-இல் இன்டெல் கொண்டுவந்தது. அதன் சிறிய வடிவமான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டு 244 மில்லிமீட்டர் சதுரம். எந்தக் கம்பெனி செய்தாலும் திருகு போடும் துளை அதே இடத்தில்தான் இருக்கும். கம்பெனிகளின் குட்டிப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையும் போர்டும் அவரவர் சொந்த அளவில் இருக்கின்றன. ஆறாம் வருஷம் ஒன்று போய்விட்டால், அதே மாடலைத் தேடிக் கடை கடையாக அலைய வேண்டும். கிடைக்காவிட்டால் மொத்தப் பெட்டியும் பழைய இரும்புதான்.

அசெம்பிள் செய்தால் மட்டும் போதாது. எந்தப் பாகத்தில் பணத்தைப் போடுகிறோம் என்பதுதான் முக்கியம். செம்பூரில் கணக்கு ஆபீஸ் நடத்தும் நண்பர் ஒருவர், நம் நெல்லைச் சீமைக்காரர். அவருக்கு ஒரு கடையில் உயர்ந்த ரகப் பிராசஸர் போட்டு, பட்ஜெட்டைச் சரிக்கட்ட உள்ளதிலேயே மலிவான எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வருஷம், ஒரு மாதம் 18-ஆம் தேதி சாயங்காலம் 'டப்' என்று ஒரு சத்தம், கருகல் வாடை. போனது எஸ்.எம்.பி.எஸ். மட்டும் என்றால் பரவாயில்லை. போர்டையும் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. மாதாந்தர ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். தாமதமானால் ஒவ்வொரு கட்சிக்காரருக்கும் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், போதாததற்கு வட்டி. போன மாதம் வரைதான் பென் டிரைவில் நகல் இருந்தது. அவரும் வேலைக்கு இருந்த இரண்டு பெண்களும் இரவல் லேப்டாப்பில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பில்களைத் திரும்ப ஏற்றினார்கள். "பணம் போனாக்கூடப் பரவாயில்லை அண்ணாச்சி, கட்சிக்காரங்க முகத்தில எப்படி முழிப்பேன்?" என்று அவர் போனில் கேட்ட குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆகவே முதலில் எஸ்.எம்.பி.எஸ். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர் சாதாரணமாக 100 வாட் கூடச் சாப்பிடாது. அதனால் 450 வாட்டில் தரமான ஒன்று தாராளம். '80 பிளஸ்' முத்திரை, ஐந்து வருஷ வாரண்டி இரண்டும் இருக்கட்டும். அட்டையில் 450 என்று அச்சடித்து, உள்ளே அதில் பாதி கூடத் தாங்காத சரக்கும் விற்கிறது. கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கும். உள்ளே காயிலும் ஹீட் சிங்க்கும் பெயருக்குத்தான். கனமாக இருப்பதெல்லாம் நல்லது என்று சொல்ல மாட்டேன். லேசாக இருப்பதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்து போர்டும் பிராசஸரும். கடிதம், கணக்கு, இணையம், பிரிண்ட் இவ்வளவுதான் வேலை என்றால் இன்டெல் ஐ3 போதும். 2022-இல் வந்த ஐ3-12100 போன்ற நான்கு கோர் பிராசஸரே இதற்கு அதிகம்தான். ஏ.எம்.டி.யில் பெயர் 'ஜி' என்று முடியும் ரைசன் வகையும் நல்லது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. விலை குறைகிறதே என்று வாங்கினால், தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆயிரக்கணக்கில் தண்டம் அழ வேண்டும். ஐ7 வாங்கும் ஆசையை விட்டு, மிச்சமாகும் பணத்தை மற்றப் பாகங்களில் போடுங்கள். போர்டில் எம்.2 இடம் ஒன்றாவது இருக்க வேண்டும். இரண்டு ரேம் இடம் போதும். ஒரே பெயருள்ள போர்டு டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று இரண்டு விதமாக வரும். ஒன்றின் ரேம் மற்றொன்றில் ஏறாது. பில் போடும் முன் சரிபாருங்கள். டி.பி.எம். சில போர்டுகளில் அணைத்தே வரும். பயாஸில் போய் அதைத் திறந்து தரச் சொல்ல வேண்டும்.

ரேம் விலை 2025 கடைசி மாதங்களில் மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக் கூடங்கள் உலகத்தின் ரேமையெல்லாம் அள்ளிக்கொண்டதுதான் காரணம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி. கையைக் கடித்தால் இப்போது 8 ஜிபி ஒன்று போட்டு, இன்னொரு இடத்தைக் காலியாக விடுங்கள். பிற்பாடு ஐந்து நிமிஷத்தில் சேர்த்துவிடலாம்.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே என்று பலர் பயப்படுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 500 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு நல்ல கம்பெனிகள் பலவும் 300 டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் தருகின்றன. ஒரு ஆபீஸில் தினம் 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7.3 டெராபைட்தான். 300-ஐ 7.3-ஆல் வகுத்தால் 41 வருஷம்! எழுதி எழுதித் தேய்வது அல்ல இங்கே ஆபத்து. பழைய ஹார்டு டிஸ்க் போகும் முன் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டாவது எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. போனால் ஒரு நொடியில் போய்விடும். ஆகவே வாங்கும் அன்றே வெளியே வைக்கும் டிஸ்க் ஒன்றும் வாங்கி, தினமும் சாயங்காலம் நகல் எடுத்து, கழற்றி வைத்துவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால், மின்சாரக் கோளாறு இரண்டையும் ஒன்றாகத் தின்னும்.

மும்பைக்கென்று சில விஷயங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே காற்றே நனைந்திருக்கிறது, கடலோரம் என்றால் உப்பு வேறு. ரேம், கார்டு இவற்றின் முனைகளில் கறை படிந்து, ஒரு நாள் காலையில் ஸ்கிரீனே வராது. போர்டு போய்விட்டது என்று கடைக்காரர் சொல்வதற்கு முன், ரேமைக் கழற்றி முனையை மெத்தென்ற பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்து மாட்டிப் பாருங்கள். பாதிக்குப் பாதி பிழைத்துவிடும். மழைக்காலத்தில் ஊருக்குப் போனால், வாரம் ஒரு முறை யாரையாவது ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் உள்ளே உலர்ந்துவிடும். கேபினெட்டில் கண்ணாடியும் கலர் விளக்கும் எதற்கு? நல்ல தகடு, பின்னால் 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, முன்னால் கழற்றிக் கழுவும் தூசி வலை. இவ்வளவு போதும். கபாசிட்டரின் உஷ்ணம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. கம்ப்யூட்டரைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு அங்குலம் தள்ளி வைத்தாலே அதில் பாதி பலன் கிடைத்துவிடும்.

மும்பையில் கரண்ட் போவதில்லையே, யு.பி.எஸ். எதற்கு என்பார்கள். 2020 அக்டோபர் 12-ஆம் தேதி காலையில் நகரமே இருண்டு, லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றதை மறந்துவிட்டோமா? 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று போதும். பேட்டரி இரண்டு மூன்று வருஷம்தான் வரும், அதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய சால் கட்டடங்களில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதற்குப் பின்னால் கம்பியே இருக்காது. மல்ட்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டினால், கம்ப்யூட்டரை மாட்டும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

பெரிய ஆபீஸ்களிலிருந்து கழித்த செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர்களும் மலிவாக விற்கின்றன. இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால் தொடாதீர்கள், எவ்வளவு பளபளப்பாகத் துடைத்து வைத்திருந்தாலும் சரி. டாலி மாதிரி விண்டோஸ் புரோகிராம் தேவைப்படாதவர்கள், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம். செலவு ஒன்றுமில்லை.

கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி லாமிங்டன் ரோடு போகும்போது, கையில் எழுதிய பட்டியலோடு போங்கள். மூன்று கடையில் விலை கேட்டு, ஒரே கடையில் வாங்குங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சமாகத் தோன்றும், வாரண்டி போய்விடும். ஆபீஸுக்கு ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அந்த வரி எப்படியும் கிரெடிட்டாகத் திரும்பி வருகிறதே! பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும், ரயில் பெட்டியின் முனையில் அடுத்த ஓவர்ஹாலுக்கு என்றைக்குத் திரும்ப வேண்டும் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறோமே, அதே போல கேபினெட்டின் உள்பக்கக் கதவில் ஒரு காகிதம் ஒட்டிவிடுங்கள்: வாங்கிய தேதி, எஸ்.எம்.பி.எஸ்., எஸ்.எஸ்.டி. வாரண்டி முடியும் தேதிகள், யு.பி.எஸ். பேட்டரி போட்ட தேதி, தூசி தட்டிய தேதி. செம்பூர் நண்பர் தன் புது கம்ப்யூட்டரில் அதைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார். பழுது பார்க்க வரும் மராட்டிப் பையனுக்காகப் பக்கத்தில் மராட்டியிலும்.