தாடையில் ஸ்க்ரூ போடும் முன் எலும்பை மதிப்பிட்டார்களா?

பல்லுக்குக் கம்பி கட்டி, துருத்திய முன்பற்களைப் பின்னுக்கு இழுக்கும்போது, கடைவாய்ப்பற்களையே பிடிமானமாக வைத்தால் அவையும் முன்னால் நகர்ந்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் தாடை எலும்பில் சிறிய நங்கூர ஸ்க்ரூவை ஏற்றுகிறார்கள். அதன் குறுக்களவு பெரும்பாலும் 1.2 முதல் 2 மில்லிமீட்டர். செயற்கைப் பல்லுக்கான இம்பிளான்ட் போல இது எலும்போடு ஒன்றிப்போக வேண்டியதில்லை; மரை எலும்பைக் கவ்வி நின்றால் போதும், வேலை முடிந்ததும் கழற்றிவிடலாம். அதன் பலம் முழுவதும் எலும்பில் இருப்பதால், அந்த இடத்து எலும்பை மதிப்பிடாமல் ஏற்றுவது தவறு. மதிப்பீட்டைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை.

எலும்பின் கெட்டியான வெளியடுக்கு 1 மில்லிமீட்டராவது இருந்தால் பிடிப்பு நன்றாக அமையும் என்பது மருத்துவர்கள் பரவலாக ஏற்ற அளவு. வேர்களுக்கு இடையிலும் இடம் வேண்டும்: 1.5 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு இருபுறமும் 1 மில்லிமீட்டர் விட்டால், தேவை 3.5 மில்லிமீட்டர். மேல்தாடையில் வெளியடுக்கு பொதுவாக மெல்லியது. மேலே சைனஸ் காற்றறையும் உண்டு. கீழ்த்தாடையில் எலும்பு கெட்டி என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே அதிக முறுக்கு விசையில் எலும்பு சூடேறலாம், ஸ்க்ரூவே முறியலாம்.

முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தாயிற்றே, போதாதா என்று கேட்கலாம். அது தட்டையான படம். எலும்பின் தடிமனைக் காட்டாது. பல்லருகே எடுக்கும் சிறிய எக்ஸ்ரே வேர் இடைவெளியை ஓரளவு தெளிவாகக் காட்டும், தடிமனை அதுவும் காட்டாது. முப்பரிமாணத்தில் அளக்க சிபிசிடி ஸ்கேன் வேண்டும். அதற்காக எல்லோருக்கும் அந்த ஸ்கேன் எடுக்கச் சொல்வதும் சரியல்ல. அதில் கதிர்வீச்சு பொதுவாக ஓபிஜியைவிடக் கூடுதல். கம்பி கட்டுவோரில் பலர் வளரும் பிள்ளைகள். வழக்கமான இடமும் போதிய இடைவெளியும் இருந்தால் சிறிய எக்ஸ்ரேயும் மருத்துவரின் பரிசோதனையும் போதும். வேர்கள் நெருங்கியிருந்தாலோ, சைனஸ் தாழ்ந்திருந்தாலோ, முன்பு போட்ட ஸ்க்ரூ கழன்றிருந்தாலோ ஸ்கேனுக்குக் காரணம் இருக்கிறது. ஆகவே ஸ்கேன் எடுக்காததே அலட்சியம் ஆகாது; இந்த இடத்தை ஏன் தேர்ந்தார் என்று மருத்துவரால் சொல்ல முடியாததுதான் கவலைக்குரியது.

கழன்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்பதும் பாதி உண்மையே. கவனமாகப் போட்டாலும் சில ஸ்க்ரூக்கள் தளரும். அதை மட்டும் வைத்து மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. வேரில் பட்ட லேசான கீறலும் ஸ்க்ரூவை எடுத்தபின் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் காயம் பல்லின் கூழ்வரை போனால் வேர் சிகிச்சை தேவைப்படலாம், பல்லையே இழக்கவும் நேரலாம்.

விளக்கம் பெற்றபின் தரும் சம்மதமே செல்லும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-லேயே முடிவானது. அலட்சியத்தால் பாதிப்பு என்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை. அதற்கு முன் எக்ஸ்ரே, ஸ்கேன், சம்மதப் படிவம், ரசீது ஆகியவற்றின் நகல்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வேறொரு பல் சீரமைப்பு நிபுணரின் கருத்தையும் எழுத்தில் பெறுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுமுன், ஸ்க்ரூ எந்த இடத்தில் வருகிறது, அங்கே எலும்பும் வேர் இடைவெளியும் எப்படி மதிப்பிடப்பட்டன என்பதைப் படத்தில் காட்டச் சொல்லுங்கள்.