கேட்கத் தவறிய தலைமை: போலந்து சொல்லும் பாடம்



மன்னர் சாலமோன் இறந்தபின் மக்கள் அவருடைய மகன் ரெகபெயாமிடம் வந்து, தங்கள் நுகத்தின் பாரத்தைக் குறைக்குமாறு கேட்டார்கள். மக்களுக்குச் செவிகொடுங்கள் என்று முதியோர் சொன்ன அறிவுரையை அவர் தள்ளிவிட்டார். இன்னும் கடுமையாக நடத்துவேன் என்று மிரட்டினார். நாடு இரண்டாகப் பிளந்தது. அரசர்கள் முதல் நூலில் நாம் வாசிக்கும் இந்த நிகழ்வு, 20-ஆம் நூற்றாண்டில் ஒரே நாட்டில் திரும்பத் திரும்ப நடந்தது. அந்த நாடு போலந்து.

போலந்து என்றதும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் அவர் குருவாகவும் ஆயராகவும் பணியாற்றிய நாள்களில் அந்த நாட்டை ஆண்டவர்கள் யார், எப்படி வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்வது நல்லது.

அதிகாரம் எங்கே இருந்தது?

சோவியத் படையின் துணையோடு 1944-இல் கம்யூனிஸ்டுகள் போலந்தில் ஆட்சியைக் கையில் எடுத்தனர். 1948 டிசம்பரில் 'போலந்து ஐக்கியத் தொழிலாளர் கட்சி' உருவானது. நாடாளுமன்றம் இருந்தது, பிரதமர் இருந்தார், தேர்தலும் நடந்தது. ஆனால் வாக்காளர் முன் வைக்கப்பட்டது ஒரே பட்டியல். உண்மையான அதிகாரம் கட்சியின் முதல் செயலாளரிடமும் அவரைச் சுற்றியிருந்த அரசியல் குழுவிடமும் இருந்தது. சிரன்கியெவிச் என்பவர், இடையில் சிறிது காலம் நீங்கலாக, 1947 முதல் 1970 வரை பிரதமராக இருந்தார். அவர் பெயரை இன்று நினைப்பவர் குறைவு. அந்தக் காலத்தைக் கட்சித் தலைவர்களின் பெயரால்தான் போலந்து மக்கள் குறிப்பிடுகிறார்கள்.

1948 முதல் 1990 வரை இந்தக் கட்சிக்கு ஏழு தலைவர்கள் இருந்தார்கள்: பியெரூத், ஒகாப், கொமுல்கா, கியெரெக், கானியா, யாருசெல்ஸ்கி, ரகோவ்ஸ்கி. இவர்களில் ஒருவரையும் மக்கள் வாக்களித்து அந்தப் பதவியில் அமர்த்தவில்லை. வாக்களித்து இறக்கவும் வழியில்லை. அப்படியானால் மக்கள் தங்கள் மனத்தை எப்படிச் சொல்வார்கள்? தெருவுக்கு வந்துதான் சொன்னார்கள்.

சிறையிலிருந்து வந்தவர்

முதல் தலைவரான பியெரூத் ஸ்டாலினின் வழியை அப்படியே பின்பற்றியவர். அவர் காலத்தில், 1953 செப்டம்பரில், கர்தினால் விஷின்ஸ்கி கைது செய்யப்பட்டு மூன்று ஆண்டுகள் காவலில் வைக்கப்பட்டார். திருஅவைப் பதவிகளில் யாரை அமர்த்துவது என்பதை அரசே முடிவுசெய்யும் என்ற ஆணையை ஆயர்கள் ஏற்க மறுத்திருந்தனர். கட்சி தன் சொந்தப் பிள்ளைகளையும் விடவில்லை. முன்பு கம்யூனிஸ்டுகளின் தலைவராக இருந்த கொமுல்காவும் 1951-இல் சிறைப்பட்டார்.

பியெரூத் 1956 மார்ச்சில் மாஸ்கோவில் இறந்தார். ஒகாப் பொறுப்பேற்றார். அந்த ஆண்டு ஜூன் 28 அன்று போஸ்னான் நகரத் தொழிலாளர்கள் ஊதியத்துக்காகவும் ரொட்டிக்காகவும் ஊர்வலம் போனார்கள். பீரங்கி வண்டிகள் வந்தன. 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மக்கள் ஆட்சிக்கு எதிராக உயரும் கை வெட்டப்படும் என்று பிரதமர் வானொலியில் எச்சரித்தார்.

அக்டோபரில் ஒகாப் விலகி வழிவிட, கொமுல்கா மீண்டும் தலைவரானார். போஸ்னான் தொழிலாளர்களின் கோபம் நியாயமானது என்று அவர் கட்சியின் மத்தியக் குழுவிலேயே பேசினார். வார்சா நகரில் இலட்சக்கணக்கான மக்கள் கூடி அவரை வாழ்த்தினார்கள். கர்தினால் விடுதலையானார். விவசாயிகளின் நிலத்தைக் கூட்டுப்பண்ணையாக்கும் வேலை நின்றது. நாடே நம்பிக்கையோடு மூச்சுவிட்டது.

அந்த மனிதருக்கு 14 ஆண்டுகளில் என்ன நேர்ந்தது? 1966-இல் போலந்து கிறிஸ்தவம் தழுவியதன் ஆயிரமாவது ஆண்டு விழாவுக்குத் திருத்தந்தை ஆறாம் பவுல் வர விரும்பியபோது அனுமதி மறுத்தார். 1968-இல் மாணவர்களை அடித்து ஒடுக்கினார். யூதர்களுக்கு எதிராகக் கிளப்பப்பட்ட வெறுப்பால் ஆயிரக்கணக்கானோர் பிறந்த மண்ணை விட்டுப் போனார்கள். 1970 டிசம்பர் 12 அன்று, கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, உணவுப் பொருள்களின் விலை உயர்த்தப்பட்டது. கடற்கரை நகரங்களின் கப்பல் கட்டும் தொழிலாளர்கள் வெகுண்டெழுந்தார்கள். சுடுவதற்குக் கொமுல்கா ஒப்புதல் தந்தார். வேலைக்குத் திரும்புங்கள் என்று துணைப் பிரதமர் தொலைக்காட்சியில் கேட்டுக்கொண்டதை நம்பி, டிசம்பர் 17 காலை கிடினியா நகரில் வேலைக்கு வந்தவர்கள் இரயில் நிலையத்தின் அருகே சுடப்பட்டார்கள். அந்த வாரத்தில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1956-இல் தொழிலாளரின் கோபத்தை நியாயம் என்றவர், 1970-இல் அதே கோபத்தை எதிர்ப்புரட்சி என்றார். மாறியது தொழிலாளர்கள் அல்ல, அவர் இருந்த இடம்.

கடனில் வாங்கிய அமைதி

அடுத்து வந்த கியெரெக் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். 1971 ஜனவரியில் அவரே கப்பல் கட்டும் தளங்களுக்குச் சென்று, தொழிலாளர் முன் நின்று, எனக்கு உதவுவீர்களா என்று கேட்டார். இது நல்ல தொடக்கம். ஆனால் விலை குறையவில்லை. பிப்ரவரியில் லோட்ஸ் நகர நெசவாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்த பிறகே விலை உயர்வு திரும்பப் பெறப்பட்டது.

பிறகு மேற்கு நாடுகளிடம் கடன் வாங்கி ஆலைகள் கட்டினார்கள். கடைகளில் பொருள்கள் நிறைந்தன. வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் நாள் வந்தபோது கையில் பணமில்லை. 1980-இல் வெளிநாட்டுக் கடன் 2,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 1976 ஜூனில் மீண்டும் விலையை உயர்த்தி, கலவரம் வெடித்ததும் மறுநாளே பின்வாங்கினார்கள். ஆனால் அதில் கலந்துகொண்ட தொழிலாளர்களை அடித்து, வேலையிலிருந்து நீக்கினார்கள்.

1979 ஜூனில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தாய்நாட்டுக்கு வந்தார். ஒன்பது நாள்கள் இலட்சக்கணக்கானோர் கூடினார்கள். நாம் இத்தனை பேர் இருக்கிறோம் என்பதை மக்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். அடுத்த ஆண்டு இறைச்சி விலை உயர்ந்தது. ஆகஸ்ட் 14 அன்று கிடான்ஸ்க் கப்பல் தளத்தில், அன்னா வாலண்டினோவிச் என்ற பெண் தொழிலாளி நீக்கப்பட்டதைக் கண்டித்து வேலைநிறுத்தம் தொடங்கியது. லெக் வலேசாவின் தலைமையில் 'சாலிடாரிட்டி', அதாவது ஒருமைப்பாடு என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் பிறந்தது. சுமார் ஒரு கோடிப் பேர் அதில் சேர்ந்தனர். கியெரெக் பதவியிழந்தார்.

இங்கே நம்மைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த ஆகஸ்ட் 26 அன்று, சிறைக்கும் அஞ்சாத கர்தினால் விஷின்ஸ்கி, இரத்தம் சிந்தப்படுமோ என்ற கவலையில், அமைதி காக்கும்படி மறையுரையாற்றினார். அரசுத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்பியது. வேலைநிறுத்தத்தில் இருந்த பலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. நல்ல மேய்ப்பரின் செவிக்கும் சில வேளை மந்தையின் குரல் தாமதமாகவே எட்டுகிறது.

துப்பாக்கியிலிருந்து மேசைக்கு

கானியா ஓராண்டே நீடித்தார். 1981 அக்டோபரில் படைத்தளபதி யாருசெல்ஸ்கி கட்சித் தலைவரானார். டிசம்பர் 13 அன்று இராணுவச் சட்டம் வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். மூன்று நாள்களில் 'வூயெக்' சுரங்கத்தில் ஒன்பது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1984 அக்டோபரில், தொழிலாளருக்காகத் திருப்பலி நிறைவேற்றி வந்த அருட்தந்தை போப்பியெலுஸ்கோ பாதுகாப்புத் துறை அதிகாரிகளால் கடத்திக் கொல்லப்பட்டார். வயது 37. 2010-இல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

1988-இல் விலைவாசி ஏறியது, வேலைநிறுத்தங்கள் திரும்பின. இந்த முறை மட்டும் ஆட்சி வேறு வழியைத் தேர்ந்தது. 1989 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சிறையில் அடைத்தவர்களும் அடைக்கப்பட்டவர்களும் வட்டமேசையைச் சுற்றி அமர்ந்து பேசினார்கள். திருஅவையின் பிரதிநிதிகள் சாட்சிகளாக இருந்தனர். ஜூன் 4 தேர்தலில், சுதந்திரப் போட்டிக்குத் திறக்கப்பட்ட 161 கீழவை இடங்களையும் சாலிடாரிட்டி வென்றது. மேலவையின் 100 இடங்களில் 99 அதற்கே. கடைசித் தலைவரான ரகோவ்ஸ்கியின் காலத்தில், 1990 ஜனவரியில், கட்சி தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. நாற்பது ஆண்டுகளாகத் துப்பாக்கியால் தீராதது, ஒரு துப்பாக்கிக் குண்டும் இல்லாமல் தீர்ந்தது.

நாம் எண்ணிப் பார்க்க

இந்தத் தலைவர்கள் எல்லாரும் தீயவர்களாகவே பிறந்தவர்கள் அல்லர். கொமுல்கா சிறையின் வேதனையை அறிந்தவர். கியெரெக் சுரங்கத்தின் இருளை அறிந்தவர். யாருசெல்ஸ்கி இளமையில் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, அங்கே தந்தையைப் பறிகொடுத்தவர். துன்பம் அறிந்தவர்களே துன்பம் தருபவர்களாக மாறியது எப்படி? தங்களைக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமையில்லாத இடத்தில் அவர்கள் அமர்ந்திருந்தார்கள். அந்த இடம் எந்த நல்லவரையும் செவிடராக்கிவிடும்.

2014 மே மாதம் யாருசெல்ஸ்கி இறந்தார். வார்சாவின் இராணுவப் பேராலயத்தில் அவருக்கு அடக்கத் திருப்பலி நடந்தது. அவரால் காவலில் வைக்கப்பட்ட வலேசா அதில் பங்கேற்றார். எதிர்ப்புக் குரல்களும் எழுந்தன. இரண்டையும் நாம் புரிந்துகொள்ளலாம்.

நாடாள்வோருக்கு மட்டும் உரிய பாடம் அல்ல இது. குடும்பத் தலைவர், ஆசிரியர், சங்கத் தலைவர், பங்குப் பேரவை உறுப்பினர், பங்குத்தந்தை என நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். நம்மை மறுத்துப் பேச நம் அருகில் யாருக்கேனும் துணிவு இருக்கிறதா? கடைசியாக அப்படி ஒருவர் பேசியபோது நாம் என்ன செய்தோம்? இந்த வாரம் எண்ணிப் பார்ப்போம்.