துருவின் பிடியில் ஒரு மரையாணி

மகிழுந்தின் முன்சக்கரம் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறியிறங்கத் துணைநிற்கும் எஃகு உறுப்பைப் பணிமனையில் லோயர் ஆர்ம் என்பர். அது வண்டிச் சட்டத்தோடு சேரும் இடத்தில் புஷ் எனப்படும் ரப்பர் உருளை உண்டு. ரப்பரின் நடுவே ஓர் எஃகுக் குழல். குழலின் ஊடாக ஒரு நீண்ட மரையாணி. தேய்ந்த புஷ்ஷை வீட்டு முற்றத்திலேயே மாற்ற முனைவோரை வழிமறிப்பது பெரும்பாலும் இந்த ஆணிதான். மறுமுனையிலுள்ள மரை கழன்றுவிடும்; ஆணியோ வெளிவராது. ஸ்பேனரால் இழுத்தால் அதன் தலை சற்றே திரும்பும்; கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே மீளும். இந்த மீட்சியை உற்றுநோக்க வேண்டும். ஆணியும் குழலும் துருவால் ஒன்றாகிவிட்டன. குழலுக்குள் ஆணி திரும்பவில்லை; இரண்டும் சேர்ந்து ரப்பரை முறுக்கின, அவ்வளவே.

குழலுக்கும் ஆணிக்கும் இடையிலுள்ள வெளி மிகக் குறுகியது. அதில் புகுந்த நீர் எளிதில் உலர்வதில்லை. வாயருகே ஆக்சிசன் மிகுதி; உள்ளே செல்லச் செல்லக் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வே ஒரு நுண்ணிய மின்கலமாகி, ஆக்சிசன் குன்றிய உட்பகுதியில் இரும்பை அரிக்கிறது. உப்பு கலந்தால் நீரின் மின்கடத்தும் திறன் கூடி, அரிமானம் விரைவுறும். பனிக்கட்டியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் கனடாவிலும், உப்புக்காற்று வீசும் நம் கடற்கரை ஊர்களிலும் இவ்வாணிகள் விரைவில் இறுகுவதற்கு இதுவே காரணம். இனி வருவதுதான் கொடிது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கொள்வது. குழலுக்குள் அவ்வளவு இடம் ஏது? விரியத் துடிக்கும் துரு இரு சுவர்களையும் நெருக்கி, ஆணியை ஆப்பாகப் பற்றிக்கொள்கிறது.

நல்ல நிலையிலுள்ள மரையாணியை இறுக்கும்போதே, நாம் செலுத்தும் முறுக்குவிசையில் ஏறத்தாழ 10 விழுக்காடுதான் ஆணியை இழுத்து நீட்டுகிறது. எஞ்சியதெல்லாம் தலையின் அடியிலும் திருகுப்புரிகளிலும் உராய்வாகக் கழிகிறது. துரு ஏறிய ஆணியில் உராய்வு எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகி நெம்புவோர் உண்டு. ஒரு மீட்டர் குழாயின் முனையில் 50 கிலோ எடையுள்ளவர் தொங்கினால் ஏறத்தாழ 490 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை பிறக்கும். 12 மில்லிமீட்டர் ஆணியின் தலை அதற்கு வெகு முன்பே முறியக்கூடும். சுத்தியலும் இங்கே தளர்ந்துபோகிறது. சாலையின் அதிர்ச்சியை உள்வாங்கவென்றே வைக்கப்பட்ட ரப்பர், சுத்தியலின் அடியையும் அவ்வாறே உள்வாங்கிவிடுகிறது.

ஆதலின் முதலில் வேண்டுவது காலம். மெல்லிய ஊடுருவும் எண்ணெய், நுண்புழைக் கவர்ச்சியால் இண்டு இடுக்குகளில் தானே ஏறவல்லது. ஆயினும் துரு அடைத்த வழியில் அது மிக மெதுவாகவே நகரும். ஓரிரவு ஊறவிட்டு, இடையிடையே மெல்லத் தட்டிக்கொடுப்பது நன்று. அறுமுகத் தலையை முழுமையாகக் கவ்வும் ஆறுமுனை சாக்கெட்டையே பயன்படுத்துக. பன்னிரு முனையுடையது முகங்களை மழுக்கிவிடக்கூடும்.

அடுத்தது வெப்பம். எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் சுமார் 12 பங்கு விரியும். 12 மில்லிமீட்டர் துளையுள்ள குழல், ஆணியைவிட 200 பாகை மிகுதியாகச் சூடேறினால் துளை ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர் அகலும். தலைமயிரின் பருமனைவிடக் குறைவான இவ்விரிவே துருவின் பிணைப்பில் வெடிப்பை உண்டாக்கப் போதும். ஆனால் குழலைச் சுற்றியிருப்பது ரப்பர்; தீச்சுடர் பட்டால் எரியும். அருகே பிரேக் குழாய் செல்கிறது. வளிமம் அடைத்த ஷாக் அப்சார்பரும் நிற்கிறது. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் சுடரைக் காட்டினால் பாசுசீன் உண்டாகலாம். முதல் உலகப் போரில் மக்களைக் கொன்ற நச்சுவளிமம் அது. வீட்டு முற்றத்தில் இவ்வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணெயும் பொறுமையும் பயன்படாவிடில் அறுத்தெடுப்பதே அறிவுடைமை. புஷ் எப்படியும் மாற்றப்பட வேண்டியதுதானே? குழலின் இரு முனைகளிலும், சட்டத்துக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள சந்தில் வாளைச் செலுத்தி ஆணியை அறுத்தால், லோயர் ஆர்ம் ஆணித்துண்டோடு இறங்கிவிடும். கண்ணாடி அணியாமல் அறுக்காதீர்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அதன் அடியில் ஒருபோதும் புகாதீர்கள். உறுதியான தாங்கிகள் வேண்டும்.

புதிய ஆணியின் புரியில்லாத தண்டில் மட்டும் மெல்லிய கிரீஸ் பூசுக. புரிகளில் பூசினால் உராய்வு குறைந்து, குறித்த முறுக்குவிசையிலேயே ஆணி அளவுக்கு மீறி நீளும். இறுதி இறுக்கத்தைச் சக்கரம் தரையூன்றி வண்டியின் எடை அதன்மீது அமர்ந்த பின்னரே செய்க. தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ், வண்டி தரையிறங்கியதும் முறுக்குண்டே நின்று விரைவில் கிழியும்.