அவையில் ஒலித்த குரல்

சட்டம் அனைவரையும் ஆள்கிறது. ஆனால், அதனை இயற்றும் அவையில் அனைவருக்கும் இடம் கிடைத்துவிடுவதில்லை. மக்கள்தொகையில் ஏறத்தாழச் சரிபாதியினரான இந்தியப் பெண்கள், அவ்வவையை அடைய மூன்று படிகளைக் கடக்க வேண்டியிருந்தது. வாக்களிக்கும் உரிமை முதற்படி. உறுப்பினராகும் உரிமை இரண்டாம் படி. போதிய எண்ணிக்கையில் அமர்வது மூன்றாம் படி.

திறந்த வாயில்

1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், பெண்களின் வாக்குரிமையை முடிவு செய்யும் பொறுப்பை மாகாணச் சட்டமன்றங்களிடமே விட்டது. சென்னை மாகாணம் 1921இல் அவ்வுரிமையை வழங்கியது. எனினும், சொத்துத் தகுதி உடையோரே வாக்களிக்க இயன்றதால், பயன்பெற்ற பெண்கள் மிகச் சிலரே. 1926இல் பெண்கள் உறுப்பினராகவும் வழி பிறந்தது. அவ்வாண்டு சென்னைச் சட்டமன்றத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய், குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக அவைக்குள் நுழைந்து, 1927இல் அதன் துணைத்தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஓர் இருக்கையின் பயன்

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென முத்துலட்சுமி அவையில் வலியுறுத்தினார். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசி மரபில் பிறந்தவர். ஆகவே, பிறருக்குச் சமய வழக்கமாகத் தோன்றியது, அவருக்குச் சிறுமியரின் வாழ்வைப் பற்றிய கேள்வியாக விளங்கியது. காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து 1930இல் அவர் பதவி விலகினார். ஆனால், அவர் எழுப்பிய கோரிக்கை அவரோடு வெளியேறிவிடவில்லை. 1947இல் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

பெயரற்ற வாக்காளர்கள்

அரசியல் நிர்ணய சபையில் பெண்கள் 15 பேர் இடம்பெற்றனர். அம்மு சுவாமிநாதன், துர்காபாய், தாட்சாயணி வேலாயுதன் ஆகியோர் சென்னை மாகாணத்திலிருந்து சென்றவர்கள். அச்சபையில் ரேணுகா ராய் மகளிர் இட ஒதுக்கீட்டை ஏற்கவில்லை. விடுதலை பெற்ற நாட்டில் தகுதியே பெண்களுக்குரிய இடத்தைப் பெற்றுத்தரும் என்பது அவரது நம்பிக்கை.

நடைமுறை வேறாக இருந்தது. வயதுவந்த அனைவரும் வாக்குரிமை பெற்ற முதல் பொதுத்தேர்தலின்போது, வட மாநிலங்களில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறத் தயங்கினர். இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்யப்பட்டனர். அத்தகைய ஏறத்தாழ 28 இலட்சம் பதிவுகள் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. சட்டம் வழங்கிய உரிமையைச் சமூக வழக்கம் தடுத்துவிட்டது.

எஞ்சியிருக்கும் படி

2024ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களவையின் 543 இடங்களுள் 74 இடங்களில் மட்டுமே பெண்கள் வென்றனர். 2021இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் பெண்கள் பெற்றவை 12. தகுதி மட்டும் போதும் எனில், முதலில் போட்டியிடும் வாய்ப்புக் கிட்ட வேண்டும். அவ்வாய்ப்பைக் கட்சிகள் பெண்களுக்கு அரிதாகவே அளிக்கின்றன.

உள்ளாட்சியில் இந்நிலையைச் சட்டம் மாற்றியது. 73, 74ஆம் அரசமைப்புத் திருத்தங்கள் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. தமிழ்நாடு 2016இல் அதனை 50 விழுக்காடாக உயர்த்தச் சட்டமியற்றியது. மக்களவைக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அவ்வாறு ஒதுக்குவதற்கான மசோதா முதன்முதலில் 1996இல் அறிமுகமாகி, 2023இல்தான் 106ஆம் திருத்தமாக நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே இவ்வொதுக்கீடு நடைமுறைக்கு வரும் என்றும் அத்திருத்தம் வரையறுத்தது.

இட ஒதுக்கீடு இருக்கையைத் தரும். அதில் அமர்பவரின் குரலுக்கு மதிப்பளிப்பது சமூகத்தின் கடமை. பெண் தலைவர் பொறுப்பேற்றபின் கணவரோ உறவினரோ அவர் பெயரால் முடிவெடுப்பது, அன்று பெயரின்றிப் பட்டியலில் நின்ற நிலையையே மீண்டும் உருவாக்கும். ஒரே ஓர் உறுப்பினரின் குரல் ஒரு கொடிய வழக்கத்தை முடிவுக்குக் கொணரத் துணைநின்றது எனில், சரிநிகராக அமரும் பெண்களின் குரல் இன்னும் எத்தனை மாற்றங்களுக்கு வித்திடும் என்பது சிந்திக்கத்தக்கது.