மாடி ரூமும் மூணு கப்பலும்!

எங்கள் வீட்டு மாடியில் ஒரே ஒரு ரூம் கட்ட ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகிறது. கேட்டால் மேஸ்திரி, "அடுத்த வாரம் சென்ட்ரிங் சார்!" என்கிறார். அந்த 'அடுத்த வாரம்' எந்தக் காலண்டரிலும் வருவதாகத் தெரியவில்லை.

கீழ் போர்ஷனில் குடியிருப்பவர் கப்பற்படையில் இருந்து ரிடையர் ஆனவர். ஒருநாள் மாடிப்படியில் நான் புலம்பியதும் சிரித்தார்.

"ஒரு ரூமுக்கு மூணு வருஷமா? ஷாங்காய்ல சுமார் பதினாறு மாசத்துல மூணு போர்க்கப்பலை தண்ணியில இறக்கிட்டான் தம்பி!"

"படகா சார்?"

"படகா! ஒவ்வொண்ணும் நாற்பதாயிரம் டன் கிட்ட!"

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். மேஸ்திரியை மறந்துவிட்டுக் கப்பல் கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அவர் சொன்னது சீனாவின் 'டைப் 075' கப்பல்கள். தவளை மாதிரி நீரிலும் நிலத்திலும் வேலை காட்டுகிற படைக்கான கப்பல். மேல்தளம் மைதானம் போல தட்டை, அங்கே ஹெலிகாப்டர்கள். வயிற்றுக்குள்ளே ஒரு குளம்! பின்பக்கக் கதவைத் திறந்து கடல் நீரை உள்ளே விட்டால், வீரர்களும் வண்டிகளும் ஏறிய படகுகள் அப்படியே மிதந்து வெளியே போய் எதிரிக் கரையில் இறக்கிவிடும். துறைமுகமே வேண்டாம்.

முதல் கப்பல் 2019 செப்டம்பரில் தண்ணீரைத் தொட்டது. இரண்டாவது 2020 ஏப்ரல். மூன்றாவது 2021 ஜனவரி. நடுவில் கொரோனா வேறு! நாமெல்லாம் வீட்டு வாசலில் தட்டைத் தட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சமயம்.

அதிலும் ஒரு கண்டம். 2020 ஏப்ரல் 11-ம் தேதி, வேலை நடந்துகொண்டிருந்த முதல் கப்பலில் தீப்பிடித்துப் புகை கக்கியது. 'போச்சு, இனி ஆறு மாசம் விசாரணைதான்' என்று நினைப்போம் இல்லையா? பதினோரே நாளில் இரண்டாவது கப்பலைத் தண்ணீரில் இறக்கினார்கள். தீப்பிடித்த கப்பல் துடைத்து, சரிசெய்யப்பட்டு, 2021 ஏப்ரல் 23-ல் 'ஹைனான்' என்ற பெயரோடு படையில் சேர்ந்துவிட்டது. அதிபர் ஷி ஜின்பிங்கே விழாவுக்கு வந்திருந்தார்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அதே 2020, ஜூலை 12. சான்டியேகோ துறைமுகத்தில் இதே ஜாதிக் கப்பலான 'பானம் ரிச்சர்ட்' தீப்பிடித்தது. இது சின்னத் தீ அல்ல. நாலு நாளுக்கு மேல் எரிந்தது. பழுதுபார்க்க 250 கோடி டாலருக்கு மேல் ஆகும், ஐந்து முதல் ஏழு வருஷம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "வேண்டாம், உடைத்துவிடலாம்" என்று முடிவு கட்டினார்கள். ஹைனான் படையில் சேர்ந்த அதே ஏப்ரல் மாதத்தில்தான் இதற்கு வழியனுப்பு விழா.

பழசு போனால் புதுசு கட்ட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். இந்தப் பெரிய கப்பல்களைக் கட்டுவது மிசிசிப்பி மாநிலத்தில் பாஸ்ககூலா என்ற ஊரில் இருக்கும் ஒரே தளம். 'பூகன்வில்' கப்பலுக்கு 2019 மார்ச்சில் அடித்தளம் போட்டார்கள். தண்ணீரில் இறங்கியது 2023 அக்டோபரில்!

"சீனாக்காரன் கையில என்ன மந்திரம் சார்?" என்று கேட்டேன்.

"மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. ஹோட்டல்ல இட்லிக் கொப்பரை அடுப்பை விட்டு இறங்குறதே இல்ல. அதனால கை தவறுறதில்ல. நம்ம வீட்ல அதிரசம் தீபாவளிக்குத் தீபாவளிதான். ஒவ்வொரு வருஷமும் பாகு பதம் மறந்து போகுதா இல்லையா?"

விஷயம் அதுதான். ஷாங்காயின் அந்தத் தளம் சரக்குக் கப்பலும் கட்டுகிறது, எரிவாயுக் கப்பலும் கட்டுகிறது. ஒரு கப்பல் முடிந்ததும் வெல்டருக்கு அடுத்த கப்பல் காத்திருக்கும். உலகத்தில் புதிதாகக் கட்டும் வியாபாரக் கப்பல்களில் ஏறக்குறைய பாதி சீனாவில். அமெரிக்காவின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் வேகத்தில் அமெரிக்காதான் ராஜா! இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளைக் கரையில் இறக்க எல்.எஸ்.டி. என்ற கப்பல்களை மூன்றே வருஷத்தில் ஆயிரத்துக்கு மேல் கட்டித் தள்ளினார்கள். கடலே பார்க்காத எவன்ஸ்வில் ஊரில், ஓஹியோ ஆற்றங்கரையில் மட்டும் 167! மாலுமிகள் எல்.எஸ்.டி. என்பதற்கு 'பெரிய, மெதுவான இலக்கு' என்று விளக்கம் சொல்லிக் கிண்டலடிப்பார்களாம்.

அத்தனை கட்டியும் போதவில்லை. நார்மண்டியில் இறங்கும்போதே தெற்கு பிரான்ஸிலும் இறங்குவதாக இருந்த திட்டம், கப்பல் பற்றாக்குறையால் 1944 ஆகஸ்ட் 15-க்குத் தள்ளிப்போனது. யுத்தத்தின் தேதியைத் தளபதி மட்டுமல்ல, வெல்டரும் குறிக்கிறார்!

அதனால்தான் தைவான் இந்தக் கப்பல்களை எண்ணிக்கொண்டே இருக்கிறது. நடுவில் இருக்கும் கடல், குறுகலான இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர்தான். நாலாவது 075 கப்பல் 2023 டிசம்பரில் மிதந்தது. 2024 டிசம்பரில் அதைவிடப் பெரிய 'சிச்சுவான்'. ஒரு பெரும்படையைக் கொண்டுபோக இவை மட்டும் போதாது. ஆனால் எண்ணிக்கை ஏறுகிற வேகமே தூக்கத்தைக் கெடுக்குமே!

"சரி சார், நம்ம கதை?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "2013-ல இந்த மாதிரி நாலு கப்பல் கட்ட டெண்டர் விட்டாங்க. 2020-ல அதைக் கைவிட்டாங்க. 2025-ல மறுபடி முதல் அனுமதி குடுத்திருக்காங்க."

நம்மிடம் இருப்பது ஐ.என்.எஸ். ஜலாஷ்வா. 1971-ல் அமெரிக்கப் படையில் சேர்ந்து, 2007-ல் நாம் வாங்கிய கப்பல். 2020 ஜூலை 1-ம் தேதி, ஈரானில் மாட்டிக்கொண்ட 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அதில் நிறையப் பேர் நம்ம ஊர் மீனவர்கள்.

"ஐம்பதைத் தொடுற வயசுல வேலை செஞ்சுது தம்பி. இந்தக் கப்பல் சண்டைக்கு மட்டும் இல்ல. புயல், வெள்ளம்னா முதல்ல தேடுறது இதைத்தான். அது ஓய்ஞ்சப்புறம் கட்ட ஆரம்பிச்சா, நடுவுல வர்ற கஷ்டம் காத்திருக்குமா?"

எனக்குச் சுரீரென்றது. மாடிக்குப் போய் மேஸ்திரிக்கு போன் போட்டேன்.

"என்ன சார் பண்றது? நீங்க ஒரு வாரம் வேலை குடுக்கிறீங்க, ரெண்டு மாசம் பணம் இல்லேங்கிறீங்க. ஆளுங்க சும்மா உக்காந்திருப்பாங்களா? தினமும் வேலை இருக்கிற சைட்டுக்குப் போயிட்டாங்க!"

அதற்குமேல் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.